பேரேடு காத்த கடைகள்: சாங்கி முதல் சேஞ்ச் ஆலி வரை நம் சிறு வணிகர்களின் பழக்கங்கள்

சிங்கப்பூர்த் தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் பள்ளிவாசல்களிலிருந்து தொடங்குவது வழக்கம். அது முறையும்கூட. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826இல் நிறுவப்பட்ட ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், தெலுக் ஆயர் தெருவில் 1827இல் தோன்றிய அல் அப்ரார் பள்ளிவாசல், அதே தெருவில் 1830 வாக்கில் எழுந்து நின்ற நாகூர் தர்கா ஆகிய மூன்றும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. பள்ளிவாசல்களை அடுத்துப் பெருவணிகர்களின் பெயர்கள் வரும். காரைக்காலிலிருந்து வந்து கால்நடை வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்த மூனா காதர் சுல்தானைப் பற்றிச் சொல்லாத நூல் இல்லை. அவர் கிழக்குக் கடற்கரையோரம் கட்டிய காரிக்கல் மஹால் பிற்காலத்தில் கைமாறி கிராண்ட் ஹோட்டலாகியது. 

ஆனால் நம்மில் பெரும்பாலோர் மாளிகை கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லர். ஐந்தடியில் மேசை போட்டுக் காசு மாற்றியவர், சரபத் கடையில் தேநீர் ஆற்றியவர், கைலியும் துணியும் விற்றவர், மளிகைக் கடையில் மூட்டை சுமந்து தொடங்கி அதே கடையில் பங்குதாரரானவர் ஆகியோரின் வழிவந்தவர்கள் நாம். கையில் முதல் இல்லாமல், இந்த ஊர் மொழி எதுவும் தெரியாமல் கப்பலேறி வந்த அவர்கள் ஒரு கடையை எப்படி நிலைநிறுத்தினார்கள்? அந்தக் கடையின் அடியிலிருந்த நிலமே பறிபோனபோது மறுபடியும் எப்படி எழுந்தார்கள்?

சிறுதொழில் வளர மனப்பாங்கு முக்கியம் என்று சொல்லித்தரும் வகுப்புகளுக்கு இன்று குறைவில்லை. நம் முன்னோர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதில்லை. எழுதி வை, எண்ணிப் பார், சொன்ன நாளில் கொடு என்ற மூன்றையே கடைக்கு வந்த பையனுக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். இவை மூன்றுமே அடுத்தவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடமையிலிருந்து பிறந்தவை. இடம் மாறியபோதும் இவை உடன் வந்தன. அதை விளங்கிக்கொள்ளச் சாங்கியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கு போவதற்கு முன் இந்தப் பழக்கங்களின் வேரைச் சற்றே பார்த்துவிடுவோம்.

சூலியா கம்போங்கிலிருந்து

ராஃபிள்ஸின் ஆணைப்படி 1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தில் ‘சூலியா கம்போங்’ என்று ஒரு பகுதி குறிக்கப்பட்டிருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவர்களுக்கு அன்று வழங்கிய பெயர் சூலியர். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், கீழக்கரை என்று கடலோர ஊர்களிலிருந்தும், பின்னர் கூத்தாநல்லூர், தோப்புத்துறை, கடையநல்லூர், தென்காசி போன்ற ஊர்களிலிருந்தும் வந்தார்கள். ஊருக்கு ஒரு தொழில் என்று சொல்லும் அளவுக்கு, முதலில் வந்தவர் செய்த வேலையையே பின்னால் வந்தவரும் கற்றுக்கொண்டார்.

கல்வியில் பின்தங்கிய கூட்டம் என்று இவர்களை எண்ணிவிட வேண்டாம். 1887இல் சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கைநேசன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கி 1890 வரை நடத்தினார். வார இதழை வாங்கிப் படிக்கும் தமிழர் கூட்டம் அன்றே இங்கு இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

லிட்டில் இந்தியாவின் டன்லப் தெருவில் நிற்கும் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் இன்னொரு பாடம் சொல்கிறது. வழக்கறிஞர் நிறுவனமொன்றில் தலைமை எழுத்தராக இருந்த ஷேக் அப்துல் கஃபூரின் பெயரைத் தாங்கிய பள்ளிவாசல் அது. மரத்தாலான பழைய பள்ளிவாசலின் இடத்தில் புதிய கட்டடம் எழுப்ப, அந்நிலத்திலேயே கடைவீடுகள் கட்டி, அவற்றின் வாடகையைக் கொண்டு பொருள் திரட்டினார்கள். 1907இல் தொடங்கிய பணி 1927இல் நிறைவடைந்தது. இருபது ஆண்டுகள்! கையில் வந்த வாடகைக்கு ஏற்பக் கட்டிய பொறுமை அது. எழுத்தர் ஒருவரின் பெயர் அந்தப் பள்ளிக்கு அமைந்தது பொருத்தமே. கணக்குத் தெரிந்தவர்களின் காரியம் அது.

எழுதி வைத்தல்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று கேட்டால் பலர் தொழுகையையோ நோன்பையோ பற்றியது என்று நினைப்பார்கள். இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனமே அது. அது பேசுவது கடனைப் பற்றி. தவணை குறித்துக் கடன் கொடுத்து வாங்கினால் எழுதிக்கொள்ள வேண்டும், சாட்சி வைக்க வேண்டும், தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சோம்பக் கூடாது என்பது அதன் கருத்து. வணக்க வழிபாட்டுக்கு நிகரான இடம் கணக்கு எழுதுவதற்குக் கிடைத்திருக்கிறது என்பதை நம் வணிகர்கள் உணர்ந்திருந்தார்கள்.

தமிழ் வணிகர்களிடம் அதற்கான முறையும் ஏற்கெனவே இருந்தது. அன்றாட வரவு செலவுக்கு நாள்வழி. ஆள்வாரியாகப் பற்று வரவைப் பிரித்துக் காட்டப் பேரேடு. ஆண்டு முடிவில் இருப்பும் கடனும் லாபமும் ஓரிடத்தில் தெரிய ஐந்தொகை. பெரிய கடைகளில் இதற்கென்றே கணக்கப்பிள்ளை இருந்தார். சிறிய கடைகளில் முதலாளியே இரவுத் தொழுகைக்குப் பின் விளக்கடியில் அமர்ந்து எழுதினார்.

இன்னும் சிறிய கடைகளில் இருந்தது 555 புத்தகம். அட்டையில் மூன்று ஐந்துகள் அச்சிட்ட, சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தச் சின்னக் குறிப்பேட்டை ஐம்பது வயதைக் கடந்த சிங்கப்பூரர் எவரும் மறந்திருக்க முடியாது. அரிசி, பருப்பு, பால்டின் எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் கூட்டிப் பார்த்துக் கோடு போடப்படும்.

அந்த எழுத்துக்கு ஏன் அத்தனை முக்கியத்துவம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வெள்ளிச் சரக்கில் எட்டுக் காசு மிஞ்சும் மளிகைக் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு வெள்ளி கடன் வாங்கிய ஒருவர் கொடுக்காமல் போய்விட்டால், அந்த நூறை ஈடுகட்ட இன்னும் 1,250 வெள்ளிக்குச் சரக்கு விற்றாக வேண்டும். எழுத மறந்த ஒரு வரி, பல நாள் உழைப்பைக் கொண்டுபோய்விடும். அதனால்தான் வாடிக்கையாளர் நிற்கும்போதே எழுது, அவர் கண்முன்னே எழுது என்று பழக்கினார்கள். அப்படி எழுதுவது வாங்கியவருக்கும் காப்பு. கூடுதலாக ஒரு காசு ஏற்றப்படவில்லை என்பதை அவரே பார்த்துக்கொள்ளலாம்.

பணமே பொய்யாகிப்போன காலங்களையும் நம்மவர்கள் கண்டிருக்கிறார்கள். ஜப்பானியர் ஆட்சியில் புழங்கிய ‘வாழைமரக் காசு’ 1945 செப்டம்பரில் வெறும் காகிதமாயிற்று. 1967 ஜூனில் சிங்கப்பூர் தன் சொந்த நாணயத்தை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டபோது, பவுண்டோடு கட்டுண்டிருந்த பழைய நோட்டு ஒரு வெள்ளிக்கு 85 காசு என்றாகிவிட்டது. கல்லாப்பெட்டியில் பழைய நோட்டை அடுக்கி வைத்திருந்தவருக்கு நூற்றுக்குப் பதினைந்து வெள்ளி ஒரே நாளில் போனது. ஆனால் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற பேரேட்டின் வரிகள் அழியவில்லை. கடை மறுபடி தொடங்கும்போது அந்த வரிகள்தாம் முதல்.

எண்ணிப் பார்த்தல்

இரண்டாவது பழக்கம் ஜகாத்திலிருந்து வந்தது. வணிகப் பொருளுக்கு ஜகாத் கொடுக்க வேண்டுமானால், ஒரு சந்திர ஆண்டு நிறைவில் கடையிலுள்ள சரக்கின் மதிப்பு, கையிருப்புப் பணம், வரவேண்டிய கடனில் வருமென்று நம்பத்தக்கது ஆகியவற்றைக் கூட்டி, கொடுக்க வேண்டியதைக் கழித்து, மிஞ்சியதில் நூற்றுக்கு இரண்டரை கணக்கிட வேண்டும். மிஞ்சியது நிஸாப் அளவை எட்டினால்தான் ஜகாத் கடமையாகும். அந்த நிஸாபை இங்குள்ள இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 86 கிராம் தங்கத்தின் மதிப்பாகக் கொள்கிறது. ரமலானில்தான் கணக்கெடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நன்மை நாடிப் பலர் அந்த மாதத்தையே தேர்ந்தெடுத்தார்கள்.

இதை வணிகக் கண்ணோடு பாருங்கள். எந்தச் சட்டமும் கேட்காத காலத்திலேயே, ஒரு சிறு கடைக்காரர் ஆண்டுக்கு ஒருமுறை தன் அலமாரியிலுள்ள ஒவ்வொரு பொருளையும் கையால் தொட்டு எண்ணினார். எது விற்கிறது, எது மூன்று ஆண்டாகத் தூசி படிந்து கிடக்கிறது, யாரிடம் நிற்கும் கடன் இனி வராது என்பது அன்று அவருக்குத் தெரிந்துவிடும். வராக் கடனை வராக் கடன் என்று ஒப்புக்கொள்ளும் துணிவும் அன்றுதான் வரும். லாபத்தை மிகைப்படுத்தினால் ஜகாத் கூடும். குறைத்துக் காட்டினால் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே உண்மையான எண்ணிக்கைதான் வழி. ஏழைகளுக்குப் போய்ச் சேர வேண்டிய பங்கைக் கணக்கிடப் போன மனிதர், தம் தொழிலின் உடல்நலத்தையும் அறிந்துகொண்டு எழுந்தார்.

அளவிலும் நிறுவையிலும் குறைப்பவர்களை எச்சரிக்க ஓர் அத்தியாயமே அருளப்பட்டிருக்கிறது என்பதையும் இங்கே நினைவுகூரலாம். காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ஒரே சொல்: நாணயம். தராசின் முன் நின்றவர்களுக்கு அந்தப் பொருத்தம் விளக்கத் தேவையில்லாமலே புரிந்தது.

கூட்டும் சபரும்

ஒருவர் முதல் போட, மற்றவர் உழைப்புப் போட்டு, லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்வது இஸ்லாமிய வணிக மரபில் பழைமையான முறை. வட்டிக்கு வாங்க மனமில்லாத நம்மவர்களுக்கு அதுவே வாசலாயிற்று. கடைப்பையனாக வந்தவர் சில ஆண்டுகளில் உழைப்புப் பங்காளியாவார். ஒருவர் ஊருக்குப் போய் ஆறு மாதமோ ஓராண்டோ இருந்து திரும்பும்வரை மற்றவர் கடையைப் பார்ப்பார். அவர் வந்ததும் இவர் போவார். திரும்பி வந்தவர் முதலில் கேட்பது பேரேட்டைத்தான்.

இதற்கு ஒரு விலை இருந்தது. ‘சபர்’ போன கணவனுக்காகக் காத்திருந்த பெண்களின் கதை நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு உண்டு. தந்தையின் முகத்தைப் படத்தில் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் உண்டு. கடையின் பின்னறையில், சரக்கு மூட்டைகளுக்கு நடுவில் படுத்துறங்கி இளமையைக் கழித்த பையன்கள் உண்டு. சம்பளத்தை முதலாளியிடமே விட்டுவைத்து ஊர்போகும்போது மொத்தமாகப் பெறும் வழக்கத்தில், நேர்மையான முதலாளியிடம் இருந்தவர் நிலம் வாங்கினார், அப்படியல்லாதவரிடம் அகப்பட்டவர் வெறுங்கையோடு கப்பலேறினார். சிக்கனம், பொறுமை, கடும் உழைப்பு என்று நாம் புகழும்போது அந்தச் சிக்கனத்தின் சுமை யார் தோளில் விழுந்தது என்பதையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மையான வரலாறு.

முதலாளி இங்கே மவுத்தாகி, வாரிசுகள் ஊரில் இருந்தால் பேரேட்டின் அருமை இன்னும் விளங்கும். பாகப்பிரிவினைக்கு முன் இறந்தவரின் கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். எழுதப்படாத கடனை யார் தீர்ப்பது? எழுதப்படாத பங்கை யார் கேட்பது? வாய்வார்த்தையில் நடந்த கூட்டுகள் பல அத்தோடு குடும்பப் பகையாக முடிந்தன.

அம்மிக்கல்லும் ஒரு முதல்

கடை என்றால் ஆண்கள் என்று எழுதிவிட்டுப் போவது பாதி வரலாறு. கைத்தறி நொடித்த கடையநல்லூரிலிருந்து வந்தவர்கள் குடும்பத்தோடு குடியேறித் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்தார்கள். ஆண்கள் துறைமுகத்திலும் பிற இடங்களிலும் கூலிக்குப் போக, பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். மிளகாய், மஞ்சள், மல்லி, சீரகம் என்று தனித்தனியாக அரைத்து, மீன் குழம்புக்கு ஓர் அளவு, இறைச்சிக்கு ஓர் அளவு என்று வாங்குபவரின் சமையலுக்கேற்பக் கலந்து கொடுக்கும் கலை அது. மலாய்க்காரர் வீட்டுக்கு வேண்டியது வேறு, தமிழர் வீட்டுக்கு வேண்டியது வேறு. அரைத்த மசாலா அன்றே விற்றாக வேண்டும். மீந்தால் நட்டம். ஆகவே நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்ற கணிப்பு அந்தப் பெண்களுக்கு விரல் நுனியில் இருந்தது. பேரேடு எழுதாத அவர்கள் மனக்கணக்கில் அதைவிடக் கூர்மையாக இருந்தார்கள்.

அந்தச் சமூகம் 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை அமைத்தது. போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1960இல் உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்து 1982 வரை இயங்கிய அந்தப் பள்ளியின் அடித்தளத்தில் கூலிக்காரர்களின் வெள்ளியோடு அம்மிக்கல்லின் காசும் கலந்திருக்கிறது. சிறுதொழில் வளர்ந்ததை விற்பனைத் தொகையால் மட்டும் அளப்போர் இந்த வளர்ச்சியைக் காணமாட்டார்கள்.

சாங்கி: நான்கு ரமலான்கள்

இனி சாங்கிக்கு வருவோம். தீவின் கிழக்கு முனையிலிருந்த அந்தச் சிற்றூருக்கு அருகில் 1920களின் இறுதியில் பிரிட்டிஷார் ராணுவத் தளம் கட்டத் தொடங்கினர். போர்க்காலத்தில் சாங்கி என்ற பெயருக்கு உலகறிந்த வேறு பொருள் ஏற்பட்டது. கைதிகளைக் கொண்டு ஜப்பானியர் அங்கே அமைத்த ஓடுபாதை, போருக்குப்பின் பிரிட்டிஷ் ஆகாயப் படையின் தளமாயிற்று. அந்தத் தளத்தை நம்பிச் சாங்கி கிராமத்தின் கடைவீதி செழித்தது. துணிக்கடை, தையல்கடை, புகைப்படக் கடை, மளிகை, பலசரக்கு, தேநீர் என்று சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் அடுத்தடுத்துக் கடை வைத்திருந்தனர். படைவீரர் குடியிருப்புகளுக்குள்ளேயே தேநீர்க் கலத்தோடும் பலகாரத்தோடும் போய் விற்ற இந்தியத் துணைக்கண்டத்தாரும் உண்டு. ‘சார்வாலா’ என்று வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அவர்களை அழைத்தார்கள். சம்பள நாள்வரை எல்லாம் கடன், எல்லாம் குறிப்பேட்டில்.

அந்த வணிகத்தின் தன்மையைக் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் அனைவருக்கும் முதலாளி ஒருவரே. எல்லோருக்கும் ஒரே நாளில் சம்பளம். இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஒவ்வொருவரும் தாயகம் திரும்பிவிடுவார், புதியவர் வருவார். கடன் கொடுக்காவிட்டால் வியாபாரம் இல்லை. கொடுத்ததை அவர் கப்பலேறுமுன் வாங்காவிட்டால் பிறகு வராது.

1968 ஜனவரி 16ஆம் நாள் இடி விழுந்தது. 1971 இறுதிக்குள் சிங்கப்பூரிலிருந்து படைகளை விலக்கிக்கொள்வதாக பிரிட்டிஷ் பிரதமர் ஹெரல்ட் வில்சன் அறிவித்தார். அன்று தளங்கள் வழியாக வந்த வருமானம் சிங்கப்பூர்ப் பொருளியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நாடு முழுவதற்கும் அது வேலை வாய்ப்புப் பிரச்சினை. சாங்கிக் கடைக்காரருக்கோ, தம் வாடிக்கையாளர் அனைவரும் குறித்த ஒரு தேதிக்குள் மறைந்துவிடுவர் என்ற செய்தி.

ஏறத்தாழ நான்கு ஆண்டு அவகாசம். ஆண்டுதோறும் ரமலானில் கணக்கெடுப்பவருக்கு அது நான்கு கணக்கெடுப்புகள். இரண்டு கடைக்காரர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே தெரு, ஒரே சரக்கு. முதலாமவர் எண்ணாதவர். வியாபாரம் இன்னும் நடக்கிறதே என்று பழையபடியே வெள்ளைக்காரர் விரும்பும் சரக்கை வாங்கி அடுக்கினார். கடைசி ஆண்டில் அலமாரி நிறைந்திருக்க, தெரு காலியாக இருந்தது. இரண்டாமவர் முதல் ரமலானிலேயே மெதுவாக விற்கும் சரக்கைக் குறைத்தார். இரண்டாவதில் நீண்ட கடனை நிறுத்தினார். மூன்றாவதில் சுற்றுவட்டாரக் கம்போங்வாசிகள் வாங்கும் பொருள்களைச் சேர்த்தார், அல்லது சிராங்கூன் சாலைப் பக்கம் உறவினரின் கடையில் பங்குக்குப் பேசினார். நான்காவதில் மிஞ்சிய இருப்பை அடக்க விலைக்கு விற்றுப் பணமாக்கினார். இருவருக்கும் கிடைத்த செய்தி ஒன்றே. அதைச் செயலாக மாற்றியது எண்ணும் பழக்கம்.

1971 டிசம்பரில் ஆகாயப் படை சாங்கியிலிருந்து வெளியேறியது. எழுபதுகளில் பழைய கடைவரிசை இடிக்கப்பட்டு, அடுக்குமாடிக் கட்டடங்களும் உணவங்காடி நிலையமும் எழுந்தன. இன்று நாசி லெமாக் வாங்க அங்கே வரிசையில் நிற்கும் இளையர்களுக்கு, அந்த மண்ணில் ஒரு தலைமுறை வணிகர்கள் மறுபிறவி எடுத்த கதை தெரியாது.

சேஞ்ச் ஆலியின் நாணயம்

அதே கதை நகரின் நடுவிலும் நடந்தது. காலியர் கீயையும் ராஃபிள்ஸ் பிளேசையும் இணைத்த ஒடுங்கிய சந்து சேஞ்ச் ஆலி. லண்டனிலுள்ள ஒரு சந்தின் பெயர் அதற்கு. கிளிஃபர்ட் துறையில் இறங்கும் மாலுமிகளும் பயணிகளும் முதலில் நுழையும் அங்காடி அது. அங்கு கடை வைத்திருந்த இந்திய முஸ்லிம்களில் காசு மாற்றுவோர் பெயர் பெற்றவர்கள். நாலைந்து மொழிகளில் விலை பேசுவதும், நோட்டைத் தொட்ட மாத்திரத்தில் கள்ளநோட்டைக் கண்டுபிடிப்பதும் அவர்களுக்குக் கைவந்த கலை.

அந்தத் தொழிலின் லாபம் மிகச் சிறியது. எடுத்துக்காட்டாக, ஓர் அமெரிக்க டாலரை 1.340 வெள்ளிக்கு வாங்கி 1.345க்கு விற்றால், ஆயிரம் டாலருக்கு ஐந்து வெள்ளி மிஞ்சும். அதே பணம் ஒரு நாளில் பத்து முறை சுழன்றால் ஐம்பது. சும்மா கிடந்தால் ஒன்றுமில்லை. 1973 ஜூனில் சிங்கப்பூர் வெள்ளி மிதக்கவிடப்பட்ட பிறகு இன்னொரு ஆபத்தும் சேர்ந்தது. விற்காத இருபதாயிரம் டாலரோடு கடையைப் பூட்டியவருக்கு, மறுநாள் விகிதம் ஒரு காசு இறங்கினால் 200 வெள்ளி நட்டம். ஆயிரம் டாலர் பரிமாற்றம் நாற்பது செய்தால்தான் அதை மீட்க முடியும். ஆகவே அன்றைய கணக்கை அன்றே முடிப்பது, கையிருப்பை அளவோடு வைப்பது, பக்கத்துக் கடைக்காரரோடு நோட்டைப் பரிமாறிக்கொள்வது ஆகியவை தொழிலின் உயிராயின. போட்டியாளரே துணையாளர். அவரிடம் வாங்கிய நோட்டுக்கு மாலைக்குள் பணம் போகவில்லையென்றால் மறுநாள் கடை திறப்பது வீண்.

1979இல் காசு மாற்று, பணம் அனுப்பும் தொழில்களுக்கான சட்டம் இயற்றப்பட்டு உரிமம் கட்டாயமாயிற்று. ரசீதும் பதிவேடும் வேண்டும் என்றது சட்டம். பேரேட்டில் வளர்ந்தவருக்கு அது பாரமாகத் தெரியவில்லை. 1989இல் சேஞ்ச் ஆலி மூடப்பட்டு இடிக்கப்பட்டது. கடைக்காரர்கள் அருகிலிருந்த ஆர்கேட் கட்டடத்துக்கும் நகரின் பிற பகுதிகளுக்கும் சிதறினார்கள். பழைய வாடிக்கையாளர்கள் தேடிப்பிடித்து வந்தது பலகையைப் பார்த்தல்ல, ஆளைப் பார்த்து.

மறுபடியும் சாங்கி

பிரிட்டிஷார் விட்டுச் சென்ற சாங்கித் தளத்தை விரிவாக்கி, கடலைத் தூர்த்து, புதிய விமான நிலையம் கட்ட 1975இல் அரசு முடிவு செய்தது. 1981 ஜூலை முதல் நாள் அது இயங்கத் தொடங்கியது. பயணிகளும் மாலுமிகளும் கப்பலில் கிளிஃபர்ட் துறைக்கு வந்த காலம் மறைந்து, எல்லோரும் சாங்கியில் இறங்கி நகருக்கு வந்தார்கள். லிட்டில் இந்தியாவின் கடைகளுக்கு அது புது ரத்தம். நம்மவரல்லாத ஒரு சான்றையும் சொல்லலாம். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த குடும்பம் 1971இல் கேம்பல் லேனில் தொடங்கிய சின்னத் துணிக்கடை, சையது ஆல்வி சாலையில் முஸ்தஃபா சென்டராக வளர்ந்து, 2003 முதல் இரவு பகலாகத் திறந்திருந்தது. நள்ளிரவில் விமானம் இறங்குபவருக்கும் கடை வேண்டும் என்று கணித்த வணிகம் அது.

2019இல் சாங்கி வழியாகச் சென்ற பயணிகள் 6 கோடியே 83 லட்சம். மறு ஆண்டு கிருமித்தொற்றால் அது ஒரு கோடியே 18 லட்சமாகச் சுருங்கியது. 1968இல் நான்கு ஆண்டு அவகாசம் இருந்தது. 2020இல் நான்கு வாரம்கூட இல்லை. சேமிப்பு வைத்திருந்தவர், வாடகையை நேரத்தில் கொடுத்து நற்பெயர் வாங்கியிருந்தவர், கணக்கு ஒழுங்காக இருந்ததால் அரசின் உதவித் திட்டங்களுக்கு உடனே விண்ணப்பிக்க முடிந்தவர் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். எல்லாம் சரியாகச் செய்தும் மூடியவர்களும் இருக்கிறார்கள். வாடகை உயர்வுக்கும், ஆள் பற்றாக்குறைக்கும், இணையவழி வணிகத்துக்கும் பழக்கம் மட்டும் மருந்தாகிவிடாது. தோற்றவரெல்லாம் மனத்திட்பம் இல்லாதவர் என்று சொல்வது அநீதி. நல்ல பழக்கம் கெட்ட காலத்தைத் தடுக்காது. அது வரும்போது நாம் எங்கே நிற்கிறோம் என்பதைத் தெளிவாகக் காட்டும். முடிவெடுக்க அது போதும்.

அடுத்த ஐம்பது ஆண்டுக்கு

இன்று நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் கடை நடத்துகிறார்கள். 555 புத்தகத்தின் இடத்தில் செயலி வந்துவிட்டது. கருவி மாறியதில் குறையொன்றுமில்லை. ஆனால் கணினி கூட்டித் தரும் தொகையைப் பார்ப்பதும், அலமாரியைத் தொட்டு எண்ணுவதும் ஒன்றல்ல. புதிதாகத் தொழில் தொடங்கும் இளையர் ஆண்டுக்கு ஒரு நாளை முழுதாக எண்ணுவதற்கு ஒதுக்கட்டும். கூட்டாளி உடன்பிறந்த சகோதரரே ஆனாலும் பங்கை எழுதிக்கொள்ளட்டும். பின்னறையில் தூங்கிய பையனின் காலம் போய்விட்டது. வேலை செய்பவரின் சம்பளம் அவரவர் நாளில் அவரவர் கைக்குப் போகட்டும். வீட்டுப் பெண்களின் உழைப்பு கடைக்கு வருகிறதென்றால், அவர்கள் பெயரும் ஏட்டில் ஏறட்டும். முன்னோரின் நல்லதைத் தொடர்வதும், அவர்கள் காலத்துக் குறையைக் களைவதும் சேர்ந்ததுதான் மரபு.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். வீடு மாறும்போதும் கடை மூடும்போதும் முதலில் குப்பைக்குப் போவது பழைய கணக்கேடுகள்தாம். நாள்வழி, பேரேடு, ரசீதுக் கட்டு, ஊருக்குப் பணம் அனுப்பிய சீட்டு, 555 புத்தகம் ஆகியவை இன்னும் சில வீடுகளில் பெட்டிக்கடியில் கிடக்கின்றன. அவற்றை எழுதியவர்களும் படிக்கத் தெரிந்தவர்களும் எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள். தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்துவருகிறது. கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையமும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. பொன்விழா ஆண்டின் பணியாக, உறுப்பினர் குடும்பங்களிலுள்ள ஏடுகளைப் படியெடுத்து, அவற்றின் உரிமையாளர்களைப் பேசவைத்துப் பதிவு செய்தால், இந்தக் கட்டுரையில் பெயரின்றிச் சொல்லப்பட்டவர்கள் தத்தம் பெயரோடு வரலாற்றில் இடம்பெறுவார்கள்.

எழுதி வைக்கச் சொல்லி வளர்த்தார்கள். அவர்களைப் பற்றி எழுதி வைக்கும் கடன் நம்முடையது. அதைத் தீர்க்கும் வாய்ப்பை வல்ல இறைவன் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.